இடது பக்கத்துப் பெருமூச்சு

மனிதர்களில் மறுபதிப்புக்காரர் என்று ஓர் இனம் உண்டு. பார்த்தவுடன் அடையாளம் தெரியாது. வரிசையில் நிற்பார், வரி கட்டுவார், மழை வந்தால் குடை விரிப்பார், எல்லாம் நம்மைப் போலத்தான். ஆனால் அவர் வீட்டுக்குள் போய், “இந்தப் பாட்டு நல்லா இருக்கே” என்று வாய் தவறிச் சொல்லிப் பாருங்கள். “எந்தப் பதிப்பைச் சொல்றீங்க?” என்பார். அவ்வளவுதான். அன்றைய சாயங்காலம் அதன்பிறகு உங்களுடையது இல்லை.

இந்த இனத்தார் கேட்பது ப்ளூஸ், ஜாஸ். முன்பு ஒரு காலத்தில் கேட்டார்கள் என்று சொல்வது இன்னும் பொருந்தும். இருபது வயதில் நண்பன் வீட்டில் ஒரு பழைய இசைத்தட்டைக் கேட்டு, யாருக்கும் தெரியாமல் மொட்டை மாடிக்குப் போய் அழுதிருப்பார்கள். அந்த அழுகை உண்மையானது; அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு அதே தட்டைத் தேடி வாங்கினார்கள், அது கேசட்டாக வந்தபோது வாங்கினார்கள், சிடியாக வந்தபோது வாங்கினார்கள், ஒலியைத் தூசி தட்டிய சிடியாக வந்தபோது வாங்கினார்கள், மூல நாடாவிலிருந்து நேராக எடுத்த கனமான தட்டாக வந்தபோதும் வாங்கினார்கள், கடைசியில் கையில் பிடிக்க ஒன்றுமே இல்லாத, துல்லியம் கூட்டிய ஹை-ரெஸ் கணினிக் கோப்பாக வந்தபோது அதையும் வாங்கிவிட்டார்கள். ஒவ்வொரு பதிப்பின் அட்டையிலும் ஒரே வாக்கியம்தான்: இசை உள்ளபடியே, இதுதான் முதல் முறை.

அப்படியானால் மொட்டை மாடியில் எதற்காக அழுதார்கள்? அதை மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

நாம் பார்க்கப்போகிறவர் எடை ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதிப்பது அவர் உத்தியோகம். ஒரு கிலோ என்றால் ஒரு கிலோ இருக்க வேண்டும் என்று நாள் முழுவதும் அடுத்தவர்களிடம் சொல்லிவிட்டு வருகிறவருக்கு, வீட்டில் ஒரு சாக்ஸஃபோன் கொஞ்சம் குறைவாக ஒலித்தால் பொறுக்குமா? பொறுக்கவில்லை. வீட்டின் முன்னறையை அதற்கென்றே ஒதுக்கினார். சுவரில் கம்பளம் தொங்கவிட்டார். ஜன்னலுக்கு மூன்று திரை. பாட்டு ஓடும்போது மின்விசிறியை நிறுத்துவார், அதன் காற்று சத்தம் போடுகிறதாம். ஃபிரிட்ஜையும் நிறுத்துவார், அது முனகுகிறதாம். இதனால் அந்த வீட்டில் மாதத்தில் நான்கு தடவை பால் திரியும். அறையில் நாற்காலி ஒன்றே ஒன்று. இரண்டு ஸ்பீக்கரிலிருந்தும் சம தூரத்தில், தரையில் டேப் ஒட்டிக் குறித்த இடத்தில் அது நிற்கும். இசை சரியாக விழுவது அந்த ஒரு புள்ளியில்தான். பக்கத்தில் உட்கார்ந்தால் பாவம் ஒன்றுமில்லை. ஆனால் அங்கே கேட்பது இசை இல்லை.

அதனால் அவர் மனைவி அந்த அறையில் உட்கார்ந்ததில்லை. இடது ஸ்பீக்கருக்குப் பின்னால் வாசல் நிலை இருக்கிறது, அங்கே நிற்பார்.

அந்த அம்மாள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறார். ரயிலில் ஆறு மணி நேரம் தள்ளி இருக்கும் ஓர் ஊரில் அந்தக் கூடம் புதுக் கிளை திறக்கிறது. அதற்குத் தலைமை ஏற்று வருகிறீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டும். வாரத்தில் நான்கு நாள் வெளியே சுற்றுகிற கணவரும் மாற்றல் கேட்டு வரலாம், வராமலும் இருக்கலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். எதுவானாலும் அவர் வாயால் கேட்டுவிட்டுப் பதில் சொல்வோம் என்று அந்த அம்மாள் நினைத்தது, இருபத்துநான்கு வருஷ வாழ்க்கைக்குப் பிறகும் நினைத்தது, கவனிக்க வேண்டிய விஷயம்.

அந்த வாரம்தான் ஆய்வாளருக்கு ஆறாவது பதிப்பு வந்து சேர்ந்தது.

இருபத்துநான்கு பிட். ஒரு நொடியை ஒரு லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரம் துண்டாக நறுக்கி, ஒரு துண்டுகூடக் கீழே சிந்தாமல் எடுத்துவைத்திருக்கிறார்களாம். அவர் மனைவிக்குத் தேவைப்பட்டது முழுசாக ஒரு நிமிஷம்.

புதன்கிழமை மாலை நான்காவது பாட்டைப் போட்டார். மெதுவான ப்ளூஸ். பியானோ ஒதுங்கிக்கொண்டு சாக்ஸஃபோன் தனியாக வாசிக்க ஆரம்பிக்கும் இடம் வந்தது. வாசலில் குரல்.

“என்னங்க, ஒரு விஷயம் பேசணும்.”

ஆய்வாளர் கண்ணைத் திறக்கவில்லை. போக்குவரத்துக் காவலர் லாரியை நிறுத்துவதுபோல வலது கையை மட்டும் உயர்த்தினார். கையைத் தூக்கினால் ஆள் போய்விட்டதாக அர்த்தம் என்பது அவர் முடிவு. சாக்ஸஃபோன் ஒரு சுரத்தில் போய் நின்றது. அப்போது கேட்டது.

ஒரு பெருமூச்சு. இடது பக்கத்தில், சற்று ஆழத்தில். முதலில் மெல்ல உள்ளே இழுத்து, பிறகு ஒரேயடியாக விட்டு, கடைசியில் ஒரு சின்ன ‘ம்’.

அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஐந்து பதிப்புகளிலும் இல்லாத பெருமூச்சு! அறுபது வருஷத்துக்கு முன்னால் ஒலிப்பதிவுக் கூடத்தில் சாக்ஸஃபோன்காரர் விட்ட மூச்சு நாடாவுக்குள் அமுங்கிக் கிடந்திருக்கிறது. இரண்டு நிமிஷம் நாற்பத்தொரு நொடி என்று நோட்டில் குறித்தார்.

வியாழக்கிழமை அதே நேரத்துக்கு அதே பாட்டு. அம்மாளை வேலையிடத்து வேன் தெருமுனையில் இறக்கிவிடும் நேரம் மாறாது. ஆம்ப்ளிஃபயருக்குச் சூடேற அரை மணி கொடுத்து இவர் பாட்டைப் போடும் நேரமும் மாறாது. மறுபடி அழைப்பு, மறுபடி கை, மறுபடி பெருமூச்சு. இந்தத் தடவை நாற்பத்தாறாவது நொடியில். ஐந்து நொடி ஏன் தள்ளிப்போயிற்று? நெற்றியைச் சுருக்கி யோசித்தார். ‘மின்சாரம் நிலையாக இல்லை’ என்று நோட்டில் எழுதினார்.

உங்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவருக்குப் புரியவில்லை. உங்களிடம் அவ்வளவு நல்ல ஆம்ப்ளிஃபயர் இல்லை, அதனால்தான்.

வெள்ளிக்கிழமை அந்த அம்மாள் உயர்ந்த கையைப் பொருட்படுத்தாமல் வாசலில் நின்றபடியே பேசினார். நாலைந்து வாக்கியம் இருக்கும். ஆய்வாளர் கண் மூடி, முகம் மலர்ந்து, பெருமூச்சுக்காகக் காத்திருந்தார். அது வந்தது. முன்னிரண்டு நாளைவிட நீளமாக வந்தது. பரவசத்தில் அன்றைக்கே தன் கேட்போர் வட்டத்துக்கு நான்கு பக்கம் எழுதி அனுப்பினார். ‘கலைஞனின் களைப்பு, இடது ஓரத்தில்’ என்று அதில் ஒரு வரி.

கேட்போர் வட்டம் என்றால் மூன்று பேர். ஒரு பல் டாக்டர், ஒரு லிஃப்ட் மெக்கானிக், ஓய்வு பெற்ற ஒரு கணக்கு வாத்தியார். பிழைப்பால் ஒட்டாதவர்களைப் பிடிவாதம் ஒட்டவைத்திருந்தது. ஞாயிறு காலை பத்து மணிக்கு மூவரும் வந்து சேர்ந்தார்கள். அரை நாள் வேலை என்று அம்மாள் ஏழுக்கே கிளம்பிவிட்டிருந்தார். விசிறி நின்றது. ஃபிரிட்ஜ் நின்றது. நால்வருக்கும் வியர்த்தது.

நாற்காலி ஒன்றுதானே? முறை வைத்து உட்கார்ந்தார்கள். முதலில் டாக்டர். நாற்பத்தொன்று வந்தது, போயிற்று. டாக்டர் கண்ணைத் திறந்தார்.

“ஆஹா. என்ன ஒரு மூச்சு சார்! வாசிக்கிறவருக்குக் கடவாய்ப் பல்லுல வலி இருந்திருக்கு. அந்த இழுப்பிலேயே தெரியுது.”

அடுத்து மெக்கானிக். “அண்ணே, சும்மா கிணத்துல கல்லு விழுந்த மாதிரி விழுதுண்ணே. என் செட்ல இது வராது.”

மூன்றாவதாக வாத்தியார். பாட்டு முடிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. “ஒண்ணு இல்லை, ரெண்டு” என்றார் அமைதியாக. “முதல் மூச்சு எல்லாருக்கும் கேக்கும். அதுக்குப் பின்னாடி பியானோக்காரர் ஒண்ணு விடறார் பாருங்க, அதுக்குத்தான் காது வேணும்.”

டாக்டருக்கு முகம் சுண்டிவிட்டது. “நானும் ரெண்டுதான் கேட்டேன். சொல்லலை.”

கடைசியில் வீட்டுக்காரர் உட்கார்ந்தார். பியானோ ஒதுங்கியது. சாக்ஸஃபோன் ஏறியது, நின்றது. நாற்பத்தொன்று. நாற்பத்தாறு. ஐம்பது. சுத்தமான, ஆழமான, எந்தக் குறையும் இல்லாத மௌனம். பெருமூச்சு இல்லை.

“எப்படி?” என்றார்கள் மூவரும்.

அவர் வாயைத் திறந்து ஏதோ சொல்லத் தொடங்கினார். அதற்குள் இரண்டாவது மூச்சு பியானோக்காரருடையதா, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ஒலிப்பதிவாளருடையதா என்று அவர்களுக்குள் தகராறு மூண்டுவிட்டது. மெக்கானிக் தரையில் படம் வரைந்து, மைக் எங்கே இருந்திருக்கும் என்று காட்டினார். வாத்தியார் அதை அழிக்கச் சொன்னார். இந்த அமளியில் வெளிக்கதவு திறந்து மூடியதை யாரும் கவனிக்கவில்லை. அம்மாள் இடது பக்கத்து வாசல் நிலையில் வந்து நின்றார். நின்றிருக்கும் விசிறியையும், வியர்த்துப்போன நான்கு ஆண்களையும், தரையிலிருந்த சாக்பீஸ் படத்தையும் பார்த்தார்.

பெருமூச்சு விட்டார்.

மெல்ல உள்ளே இழுத்து, ஒரேயடியாக விட்டு, கடைசியில் ஒரு சின்ன ‘ம்’.

நாடாவில் இல்லாத மூச்சை இரண்டு இரண்டாகக் கேட்ட மூன்று பேருக்கும் இது காதில் விழவில்லை. ஆய்வாளர் ஒருவர்தான் திரும்பிப் பார்த்தார். பொய்த் தராசைக் கடைக்காரர்கள் அவர்முன் வைக்கும்போது அவர்கள் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது அவர் முகம்.

அம்மாள் சமையலறைக்குப் போக, இவர் எழுந்து பின்னாலேயே போனார்.

“என்ன பேசணும்னு சொன்னே?”

அம்மாள் ஃபிரிட்ஜின் சுவிட்சைப் போட்டார். “புதுக் கிளைக்குப் போறதா எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன். ஒண்ணாம் தேதி சேரணும்.”

“எந்தக் கிளை?”

“மூணு நாளா சொல்லிட்டிருக்கேனே, அந்தக் கிளை.”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!”

“கேட்டேன். வெள்ளிக்கிழமை. நீங்களும் வர்றீங்களா, இல்லை நான் மட்டும் முதல்ல போகட்டுமான்னு கேட்டேன். தலையாட்டினீங்க.”

“நானா?”

“நல்லா அழுத்தமாவே ஆட்டினீங்க. போகட்டுமா, நிஜமாவான்னு ரெண்டாம் தரம் கேட்டேன். அதுக்கும் ஆட்டினீங்க.”

“ஐயோ, அது தாளத்துக்கு ஆட்டினதுடி!”

அம்மாள் பால் பாத்திரத்தை முகர்ந்து பார்த்து, கழுவுதொட்டியில் கொட்டினார். “எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு அந்த ஜாஸெல்லாம் புரியாது.”

இருபத்துநான்கு வருஷமாக அந்தத் தலையாட்டலைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அது தாளத்துக்கு ஆடியதா, சம்மதத்துக்கு ஆடியதா என்று தெரியாமலா இருந்திருக்கும்? எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அதை நானே வைத்துக்கொள்கிறேன்.

முன்னறைக்குத் திரும்பிய ஆய்வாளர் ஒரு காரியம் செய்தார். இவரைப் பற்றி இதுவரை நல்லதாக அதிகம் சொல்லவில்லை. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். “அந்த மூச்சு பதிவுல இல்லை. அது என் வீட்டம்மா விட்டது” என்று நண்பர்களிடம் ஒப்புக்கொண்டார். எளிதான காரியமில்லை. அனுப்பிய நான்கு பக்கமும் அவர்கள் கையில் இருந்தது.

அவர்கள் நம்பினார்களா? “உங்க காது களைச்சுப்போச்சு சார், ரெண்டு நாள் ஓய்வு குடுங்க” என்றார் டாக்டர். “நாலு பேர்ல மூணு பேருக்குக் கேட்டிருக்கு. பெரும்பான்மை இருக்கு” என்றார் வாத்தியார். மெக்கானிக் அன்றைக்கே அந்தப் பதிப்பை வாங்கினார். அடுத்த வாரம் டாக்டர் தன் வீட்டில் போட்டபோதும் பெருமூச்சு துல்லியமாகக் கேட்டதாகத் தகவல் அனுப்பினார். அது பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. டாக்டருக்கும் கல்யாணமாகிவிட்டது.

ஒன்றாம் தேதி அம்மாள் போய்ச் சேர்ந்தார். இவர் மாற்றல் கேட்டு எழுதிப் போட்டிருக்கிறார். இலாகா அதை இன்னும் படிக்கவில்லை. தினமும் மாலை ஆறரைக்கு ஃபோன் வருகிறது. ஃபோனில் வரும் குரல் எப்படிப்பட்டது என்று இந்த இனத்தாரைக் கேட்டுப் பாருங்கள். மேலே வெட்டி, கீழே வெட்டி, நடுவில் கரகரவென்று ஒரு சன்னமான துண்டு; மனிதன் கண்டுபிடித்ததிலேயே மட்டமான ஒலி. முதல் வாரம் ஆய்வாளர் வழக்கம்போலத்தான் இருந்தார்.

“நான் சொன்னது கேட்டுச்சா?”

“கேட்டுது. உன் ‘ச’வெல்லாம் கொஞ்சம் தேயுது.”

“அப்ப என்ன சொன்னேன்?”

ஆய்வாளர் ஃபோனை மற்றக் காதுக்கு மாற்றினார்.

இரண்டாவது வாரத்திலிருந்து அவர் ஆறேகாலுக்கே ஆம்ப்ளிஃபயரை நிறுத்திவிடுகிறார். வாடகை வீட்டுச் சொந்தக்காரி தண்ணீர் விடவில்லை, கூடத்துக்கு வந்த புதுப் பெண் ஊசி குத்தப் பயப்படுகிறாள், முதுகு வலிக்கிறது என்று அந்தக் கரகரப்பில் வருவதையெல்லாம் கேட்டுக்கொள்கிறார். நடுவில் பேச்சு நின்றால், “என்ன ஆச்சு?” என்று கேட்கவும் பழகியிருக்கிறார். அதற்காக ஆளே மாறிவிட்டார் என்று அவசரப்பட்டு மாலை போட வேண்டாம். ஏழாவது பதிப்புக்கு முன்பதிவு செய்திருக்கிறார்.

சிரித்துவிட்டீர்கள். நல்லது. உங்கள் வீட்டில் சுவர்க் கம்பளம் இல்லை, டேப் ஒட்டிய நாற்காலியும் இல்லை, சாக்ஸஃபோனுக்கும் உங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் இதை நீங்கள் படித்துக்கொண்டிருந்தபோது, நடுவில் எங்கேயோ, பக்கத்து அறையிலிருந்து உங்களை யாரோ எதையோ கேட்டார்கள். நீங்களும் இந்தக் கதையிலிருந்து கண்ணை எடுக்காமல் “சரி, சரி” என்றீர்கள்.

எதற்குச் சரி என்று சொன்னீர்கள்? போய் விசாரித்துவிடுவது நல்லது. எழுதிக் கொடுத்துவிடப் போகிறார்கள்.