எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக ஊற்றவும்

ஒரு காட்டில் ஒரு புலி இருந்தது. அதற்கு ஈரல் கெட்டுப்போயிருந்தது.

கெடாமல் என்ன செய்யும்? காலையில் மான், மதியம் மான், ராத்திரி காட்டுப்பன்றி, நடுவில் கொறிக்க முயல். கடைசியில் வயிறு வீங்கிப்போய் டாக்டர் மரங்கொத்தியிடம் வந்து மல்லாந்து படுத்தது. மரங்கொத்தி அதன் வயிற்றைத் தட்டித் தட்டிப் பார்த்தது.

"இனிமே கறியைத் தொடாதீங்க. பச்சை இலை, புல்லு. அவ்வளவுதான்."

"புலி பசித்தாலும் புல்லைத் தின்னாதுன்னு ஒரு பழமொழி இருக்கு டாக்டர்."

"தெரியும். உங்களுக்கு முன்னாடி வந்த புலியும் அதைத்தான் சொல்லிச்சு. இப்ப அது இல்லை."

புலி பயந்துபோய் அன்றைக்கே ஒரு வாய் புல்லைக் கடித்தது. துப்பியது. மறுபடி கடித்தது. மறுபடி துப்பியது. அடுத்த வாயில் புல்லோடு சேர்ந்து ஒரு முயலும் மாட்டியது. இந்தத் தடவை துப்பவில்லை.

"ஐயா, ஒரு நிமிஷம்," என்றது முயல், பல்லுக்கு நடுவிலிருந்து. "டாக்டர் கறி கூடாதுன்னாரே?"

"உன்னையெல்லாம் எவன் கறின்னு சொன்னான்? நீ கொறிக்கிற அயிட்டம்."

"புல்லு ஏன் உள்ள இறங்கலைன்னு தெரியுமா உங்களுக்கு? வெறும் புல்லு யாருக்குமே இறங்காது. நானே பிறந்ததிலேர்ந்து சகிச்சுக்கிட்டுத்தான் தின்னுறேன். மேல கொழகொழன்னு ஏதாவது ஊத்தணும். மனுஷங்க அதை டிரெஸ்ஸிங்கும்பாங்க. அதை ஊத்தினா கல்லைக்கூடத் தின்னலாம்."

புலி முயலைக் கீழே வைத்தது.

"சாயங்காலத்துக்குள்ள செஞ்சு கொண்டா. நல்லா இருந்தா புல்லைத் தின்னுறேன். இல்லைன்னா உன்னை."

அப்படியே ஓடிப்போயிருக்கலாமே என்று தோன்றும். போயிருக்கலாம்தான். ஆனால் புலி போய்ப் படுத்தது முயலின் வளை வாசலில். உள்ளே குட்டிகள் இருந்தன.

முயலுக்கு டிரெஸ்ஸிங்கைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. காட்டு ஓரத்துச் சுற்றுலா பங்களாவில் யாரோ வெள்ளையாக எதையோ இலை மேல் ஊற்றித் தின்றதைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறது, அவ்வளவுதான். அதனால் நேரே குரங்கிடம் ஓடியது. அந்தப் பங்களாவில் குரங்கு திருடாத சாமானே கிடையாது. ஒரு செல்போன்கூட வைத்திருந்தது.

"டேய், இதை எப்படிச் செய்யறதுன்னு அதுல பாருடா. சீக்கிரம்!"

குரங்கு தேடி எடுத்தது. ஒரு அம்மா வந்து "வணக்கம் மக்களே" என்றார். போன வாரம் ஏன் வீடியோ போடவில்லை என்று சொன்னார். மாமியாரின் முழங்கால் வலியைச் சொன்னார். பிறகு கிண்ணத்தைத் தூக்கிக் காட்டி அதை எந்தக் கடையில் வாங்கினார் என்று சொன்னார். மரங்களின் நிழல் நீண்டுகொண்டே போனது.

"தள்ளி விடுடா!"

"தள்ளுறேன்க்கா! விளம்பரம் வருது!"

விளம்பரத்தில் கோட் போட்ட ஒருவர், இன்றே ஆயுள் காப்பீடு எடுக்கச் சொன்னார். முயலுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒருவழியாக அந்த அம்மா விஷயத்துக்கு வந்தார். முட்டையின் மஞ்சள் கரு, அரைத்த கடுகு, உப்பு, எலுமிச்சைச் சாறு. இதை விடாமல் அடித்துக்கொண்டே எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக ஊற்ற வேண்டும். "அவசரப்பட்டா திரிஞ்சிடும் மக்களே!" என்றார். கெட்டியானதும் பூண்டு, மிளகு, கொஞ்சம் தயிர். அதோடு போன் அணைந்தது.

மற்ற எல்லாமே குரங்கின் திருட்டுச் சரக்கில் இருந்தன. முட்டைக்கு மட்டும் காட்டுக்கோழியிடம் போக வேண்டியிருந்தது.

"என் முட்டையா? எதுக்கு?"

"புலிக்கு."

"கொழுப்பா உனக்கு?"

"இதைச் சாப்பிட்டா அது உன்னைச் சாப்பிடாது."

"அதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று கோழி ஒரு கூடை முட்டையைத் தள்ளிவிட்டது.

முயல் கடுகை அரைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் குரங்கு எண்ணெய் மொத்தத்தையும் கவிழ்த்திருந்தது. மேலே எண்ணெய் மிதந்தது. கீழே மஞ்சள் தண்ணீர் நின்றது.

"சொட்டுச் சொட்டான்னு சொன்னாங்களேடா!"

"எப்படியும் எல்லாம் உள்ளதானேக்கா போகப்போகுது?"

முயல் வேறு முட்டை உடைத்து மறுபடி தொடங்கியது. பாதி கெட்டியானபோது பூண்டு உரிக்கத் திரும்பியது. பின்னால் 'சொய்ங்' என்று ஒரு சத்தம்.

"என்னடா பண்ணே?"

"தாளிச்சேன்க்கா. கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம்."

"அந்தம்மா தாளிக்கச் சொன்னாங்களா?"

"சொல்ல மறந்திருப்பாங்க. தாளிக்காம எப்படிக்கா?"

கிண்ணத்தில் முட்டைப் பொடிமாஸ் இருந்தது. வாசனை நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. குரங்கே அதைத் தின்று தீர்த்தது.

மூன்றாவது தடவை முயல் குரங்கை மரத்தில் ஏற்றி, இறங்கினால் வாலைக் கடிப்பேன் என்று மிரட்டிவிட்டுத் தனியாக உட்கார்ந்தது. ஒரு இலையின் நுனியை எண்ணெயில் தோய்த்து, ஒரு சொட்டு விட்டு, குச்சியால் அடித்தது. இன்னொரு சொட்டு. அடித்தது. முன்னங்கால் மரத்துப்போனது. சூரியன் மலையைத் தொட்டது. அவசரமாக ஊற்றிவிடலாமா என்று நூறு தடவை தோன்றியது. குட்டிகளை நினைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாகவே விட்டது. திடீரென்று குச்சி கனத்தது. கிண்ணத்தில் வெண்ணெய் மாதிரி ஒன்று நின்றது.

புலி ஒரு கட்டுப் புல் மேல் அதை ஊற்றித் தின்றது. இன்னொரு கட்டுத் தின்றது. கிண்ணத்தை நக்கியது.

"இன்னும் இருக்கா?"

அன்றைக்குக் காடே ஆடியது. மான்களின் தலைவரான கடமான், முயலுக்குப் பொன்னாடை போர்த்தி, "குலம் காத்த தங்கச்சி" என்று முழங்கியது.

பிரச்சினை அதற்கப்புறம்தான். மானுக்குப் புல்லைச் செரிக்கவென்றே வயிற்றில் நாலு அறை இருக்கிறது. புலிக்கு அந்த வசதி கிடையாது. எவ்வளவு புல் தின்றாலும் அதற்குப் பசி அடங்காது. மேலே ஊற்றியதோ அவ்வளவு ருசி. புலி மேட்டுப் புல்வெளியை முடித்தது. ஆற்றோரத்தை முடித்தது. முயல் விடிந்தால் கிண்ணம், அடைந்தால் கிண்ணம் என்று அடித்துக்கொண்டே இருந்தது. மான்களுக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது.

கடமான் முயலைத் தேடி வந்தது.

"தங்கச்சி, முன்னாடி ஒவ்வொருத்தராச் செத்தோம். இப்ப மொத்தமாச் சாகறோம். அதுக்கு அதுவே தேவலை."

"நான் என்ன பண்ணட்டும்ண்ணே?"

"உப்பை அள்ளிப் போட்டுக் கெடுத்துடு. புலி கறிக்குத் திரும்பிடும்."

"திரும்பும். முதல்ல என் பக்கம்தான் திரும்பும்."

கடமான் தொண்டையைச் செருமியது. "உன் தியாகத்தை மறக்க மாட்டோம். உனக்கு நடுகல் வைக்கிறதாப் பேசியிருக்கோம்."

"அதுக்குள்ள பேசியாச்சா?"

"கல்லே பார்த்தாச்சும்மா."

முயல் மறுநாள் காலையில் முட்டையும் எண்ணெயும் கிண்ணமுமாகப் புலியிடம் போனது.

"ஐயா, நான் அற்ப ஆயுசு. நாளைக்கே பாம்பு கடிச்சுட்டா உங்க சாப்பாட்டுக்கு என்ன வழி? இதை நீங்களே வீட்டுல செய்யலாம்."

"எதையாவது மறைச்சுச் சொல்லிக்கொடுத்தே, தொலைச்சிடுவேன்."

"சத்தியமா மறைக்கலைங்க."

உண்மையிலேயே எதையும் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னது. திரிந்துபோனால் என்ன செய்வது என்றுகூடச் சொன்னது: புது மஞ்சள் கருவை எடுத்து, திரிந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் சேர்க்க வேண்டும். புலி பார்க்கப் பார்க்கவே ஒரு கிண்ணம் செய்து பக்கத்தில் வைத்தது.

"சொட்டுச் சொட்டா, ஐயா. அது மட்டும்தான் விஷயம்."

"தெரியும் தெரியும். முயலால முடியறது என்னால முடியாதா?"

புலி ஆரம்பித்தது. ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. அடுத்த சொட்டு கொஞ்சம் பெரிசு. அதற்கடுத்த சொட்டு பாட்டில்.

திரிந்தது.

புலி முயலை முறைத்தது. முயல் தான் செய்து வைத்த கிண்ணத்தை மெதுவாகக் காட்டியது. அதே முட்டை, அதே எண்ணெய், கெட்டியாக நின்றது. அதற்கு மேல் யாரைக் குறை சொல்வது?

"நான் வேணா செஞ்சு தரட்டுமா ஐயா?"

"தள்ளிப் போ! நானே செய்யறேன்!"

மறுபடி திரிந்தது. மறுபடியும். மதியம் ஆனது. புலி அதுவரை எதுவும் தின்றிருக்கவில்லை. மீசையெல்லாம் எண்ணெய் வழிந்தது.

அந்த நேரம் பார்த்துக் கடமான் வந்தது. முயல் செத்துவிட்டதா, கல்லை எங்கே நடலாம் என்று பார்க்க வந்திருந்தது. வந்ததோடு நிற்கவில்லை. புலியின் தோளுக்கு மேலே தலையை நீட்டி எட்டிப் பார்த்தது.

"ஐயா, அப்படி ஊத்தக் கூடாதுங்க. மெல்ல, மெல்ல. நானா இருந்தா..."

அதுவாக இருந்தால் என்ன செய்திருக்கும் என்று கடைசி வரை தெரியவே இல்லை.

பாதி தின்றபோது பக்கத்திலிருந்த கிண்ணம் புலியின் கண்ணில் பட்டது. ஒரு துண்டுக் கறியை அதில் தோய்த்து வாயில் போட்டது. கண்ணை மூடிக்கொண்டது.

"அட! இது இதுக்குத்தானா!"

புல் தப்பித்தது. டாக்டர் கேட்டபோது "இலைதான் சாப்பிடறேன்" என்று புலி சொன்னது. கடமான் வாழ்நாள் முழுக்க இலைதானே தின்றது, அந்தக் கணக்கு. நடுகல்லும் வீணாகவில்லை. பார்த்து வைத்திருந்த கல்லையே கடமானுக்கு நட்டார்கள். முயல்தான் விழாவில் பேசியது.

மழை பெய்து புல்வெளி தளதளவென்று வந்தது. மான்கள் கொழுத்தன. கொழுத்ததும் பழைய புலம்பல் தொடங்கியது. புதுத் தலைவராக வந்த புள்ளிமான் முயலிடம் வந்தது.

"அக்கா, ஒவ்வொருத்தராப் போறோம். புலியை மறுபடி புல்லுக்குப் பழக்க முடியாதா?"

"முடியுமே. செய்முறை சொல்றேன். நீங்களே செஞ்சு கொடுங்க."

முயல் ஒன்று விடாமல் சொன்னது. "சொட்டுச் சொட்டா ஊத்தணும். அது மட்டும்தான் விஷயம்."

"தெரியும் தெரியும்," என்றது புள்ளிமான்.

முயல் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் குடிபோகக் கிளம்பியது. பாதி வழியில் அதன் காது நிமிர்ந்தது. கீழே மான் கூட்டம் இருந்த பக்கத்திலிருந்து, பாட்டில் கவிழ்கிற சத்தம் வந்தது. களுக், களுக், களுக்.

நீதி: நல்ல செய்முறையை யாரிடமும் மறைக்காதே. முழுசாக, உண்மையாக, ஒன்று விடாமல் சொல்லிக்கொடு. எவனும் அதன்படி செய்யப்போவதில்லை.