வண்டிப்பெரியாரில் நான் நடத்திய உலகப்போர்

இரண்டாம் உலகப்போர் முடிந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்துப் பிறந்தவன் நான். ஆனாலும் வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலை மலையில் அந்தப் போரை மூன்று வருடம் தனியாளாக நடத்தினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். உயிர்ச்சேதம் எதுவும் இல்லை. மானம்தான் போயிற்று.

அப்போது தேவிகுளத்திலிருந்து பிழைப்புக்கு வந்து, சுற்றுலாக்காரர்களை மலையேற்றும் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் தொழிலில் ஒரு கஷ்டம் உண்டு. மஞ்சு மூட்டம் இறங்கிவிட்டால் எதிரே நிற்கும் ஆளே தெரியாது, பள்ளத்தாக்கு எங்கே தெரியும்? (காசு குடுத்தவன் சும்மா விடுவானா?) ஒருநாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தைச் சமாதானப்படுத்த, அங்கே பாசி பிடித்துக் கிடந்த வட்டமான சிமெண்டுக் கட்டடத்தைக் காட்டி, "ஜப்பான் விமானத்தைச் சுட வெள்ளைக்காரன் பீரங்கி வச்ச மேடை சார் இது" என்று அடித்துவிட்டேன். உடனே குடும்பமே மேடையில் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டது.

அன்றிலிருந்து நாக்குக்கு நரம்பில்லாமல் போயிற்று. ஆறே மாதத்தில் மற்ற ஜீப்காரர்களும் அதைச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருவன் எனக்கே சொன்னான். நானும் வாயைப் பிளந்து கேட்டேன்.

இந்த நேரத்தில்தான் தேன்மொழி வந்தாள். டவுனில் ஒரு லேபில் இரத்தப் பரிசோதனை செய்கிற பெண். (என் இரத்தத்தில் ஒரு குறையும் இல்லாமலே மூன்று முறை ஊசி குத்திக்கொண்டேன்.) இரண்டு பேருக்கும் பிடித்துப்போயிற்று. அவளுடைய அப்பா பல எஸ்டேட்டுகளில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்று, கம்பம்மெட்டில் கொஞ்சம் ஏலத்தோட்டம் வைத்திருந்தார். தேனியில் ஒரு பேங்க் மாப்பிள்ளை வேறு அடுத்த ஞாயிறு அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அதற்குள் என்னை ஒருமுறை பார்க்க அவர் சம்மதித்ததே பெரிய காரியம்.

"அப்பா உங்க ஜீப்புலயே வந்து பாக்குறேன்னு சொல்லிருக்காக" என்றாள் தேன்மொழி. "உலகப்போர்னா அவுகளுக்கு உசுரு. யாருக்கும் தெரியாத கேள்வியாத்தான் கேப்பாக. தெரியாட்டி தெரியாதுன்னு சொல்லிருங்க, சரியா?"

உலகப்போரா! கும்பிடப் போன சாமி குறுக்கே வந்த மாதிரி இருந்தது எனக்கு. அவள் சொன்ன கடைசி வாக்கியம் காதிலேயே ஏறவில்லை.

வந்தவர் மெலிந்த, அமைதியான மனிதர். ஜீப் கிளம்பியதுமே கேள்வியை ஆரம்பித்தார்.

"கொழும்புல குண்டு போட்டாய்ங்க, விசாகப்பட்டினத்துல போட்டாய்ங்க, சரி. வண்டிப்பெரியாருக்கு எதுக்குத் தம்பி வந்தாய்ங்க?"

"தேயிலைக்கு ஐயா. டீ இல்லாட்டி வெள்ளைக்காரப் பட்டாளம் காலையில எந்திரிக்காதுல்ல? அதான் டீயை அடிச்சிட்டா போர் முடிஞ்சுரும்னு கணக்கு."

"அடடே" என்றார். அவர் முகத்தில் அப்படி ஓர் ஆர்வம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மேலே போனதும் மேடையைச் சுற்றிச் சுற்றி வந்தார். நானும் பின்னாலேயே போய் விளக்கினேன். பக்கவாட்டில் இருந்த ஓட்டை, பீரங்கி சூடேறினால் தண்ணீர் ஊற்றி வடியவிட. உள்பக்கம் படிந்திருந்த நீலப்பச்சைக் கறை, வெடிமருந்து.

"பீரங்கி எந்தப் பக்கம் பாத்துச்சு?"

"கிழக்கால ஐயா."

"கிழக்கால கம்பம்ல இருக்கு? கம்பத்துக்காரய்ங்களையா சுட்டாய்ங்க?"

வேறு எவனாக இருந்தாலும் அங்கேயே நிறுத்தியிருப்பான். நான் என் பிரம்மாஸ்திரத்தை எடுத்தேன். விளிம்பில் சிமெண்டில் பதிந்திருந்த ஒரு சின்னக் காலடியைக் காட்டி, "ஜப்பான் ஒற்றன் ஐயா. ராத்திரியில பீரங்கியை அளக்க வந்தவன் ஈர சிமெண்டுல மிதிச்சிட்டான். அவய்ங்களுக்குக் கால் சின்னது" என்றேன்.

அவர் அந்தக் காலடிக்குப் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தார்.

"இதுக்கு எத்தனை மூட்டை சிமெண்டு ஆயிருக்கும் தம்பி?"

"அறுபது மூட்டை ஐயா. லண்டன் சிமெண்டு."

"பதினோரு மூட்டை. கட்டப்பனையில வாங்குனது. நான்தான் நின்னு கட்டுனேன்." குரலில் கோபமே இல்லை. "தேயிலைக்கு அடிக்கிற மயில்துத்தம், அதான் துரிசு மருந்தைக் கலக்குற தொட்டி இது. உள்ள இருக்குறது துரிசுக் கறை. ஓட்டை, குழாய் போன வழி. அப்புறம் இந்த ஒற்றன்..." காலடியைத் தடவிக்கொடுத்தார். "எம்புள்ளதான். அப்ப ஆறாப்பு படிச்சுக்கிட்டிருந்தா. சோறு கொண்டாந்தவ, பூசின சிமெண்டுல காலை வச்சிட்டா. முதுகுல ரெண்டு வச்சேன்."

எந்தெந்த எஸ்டேட்டில் வேலை பார்த்தார் என்று தேன்மொழியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான்தான் இரத்தம் கொடுப்பதிலேயே குறியாக இருந்துவிட்டேனே! அந்த மலைமழை பத்துப் பன்னிரண்டு வருடத்திலேயே எந்த சிமெண்டையும் கிழடாக்கிவிடும் என்பதுகூடத் தெரியாத மடையன் நான். மஞ்சு அப்போதாவது இறங்கி என்னை மறைத்திருக்கக் கூடாதா? வெயில் பளீரென்று அடித்தது.

"சரி, நிசமாவே ஒண்ணு கேக்குறேன்" என்றார். "பர்மாக் காட்டுக்குள்ள சாமான் சுமக்க நூத்துக்கணக்குல கோவேறு கழுதைகளைக் கூட்டிட்டுப் போனாய்ங்க. கழுதை கத்துனா எதிரிக்கு இடம் தெரிஞ்சிரும். சத்தமில்லாம எப்படித் தம்பி கூட்டிட்டுப் போயிருப்பாய்ங்க?"

வாய்க்குக் கோணி கட்டியிருப்பார்கள் என்று சொல்ல நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன். "தெரியலைங்கய்யா."

"காலையில இருந்து நீங்க சொன்ன முத உண்மை இதுதான்" என்று எழுந்தார். "தெரிஞ்சா வந்து சொல்லுங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள."

அன்று சாயங்காலம் தேன்மொழி போன் செய்தாள். பொய் சொன்னதற்குத் திட்டுவாள் என்று பயந்துகொண்டே எடுத்தேன். "ஆறாப்புப் பிள்ளை காலைப் பாத்தா ஆம்பளைக் காலு மாதிரியா இருக்கு உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

இனிப் பேசிப் பயனில்லை என்று மறுநாளே வாயனசாலைக்கு, அதாவது ஊர் நூலகத்துக்குப் போனேன். அங்கிருந்த சேச்சி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நான்கு மலையாளப் புத்தகங்களை எடுத்துப் போட்டார். எழுத்துக்கூட்டித்தான் படித்தேன். முதல் நாள் பெண்ணுக்காகப் படித்தேன். மூன்றாம் நாள், பொய்யில்லை, சத்தியமாக, போருக்காகவே படித்தேன். மலேரியா மாத்திரை தின்று மஞ்சள் பூத்துப்போன சிப்பாய்கள், காட்டுக்குள் வானத்திலிருந்து இறங்கிய அரிசி மூட்டைகள்... நான் கட்டிய கதையெல்லாம் அதன் பக்கத்தில் சப்பென்று இருந்தது. கழுதை மட்டும் சனிக்கிழமைதான் அகப்பட்டது.

ஞாயிறு விடிந்ததும் கம்பம்மெட்டில் அவர் வீட்டு வாசலில் நின்றேன். பேங்க் மாப்பிள்ளைக்காக உள்ளே கேசரி வாசம் அடித்தது.

"ஆப்பரேசன் பண்ணி தொண்டையில குரல் நரம்பை அறுத்துட்டாய்ங்க ஐயா" என்றேன். "அதுக்கப்புறம் கத்தவே முடியலையாம் அதுகளால. பாவம்."

அவர் உள்ளே திரும்பி மனைவியிடம் சத்தமாகச் சொன்னார்: "ஏத்தா, தேனிக்குப் போன் பண்ணி வரவேண்டாம்னு சொல்லிரு. அந்தக் கழுதைகளுக்குப் பண்ணுன ஆப்பரேசனை இவருக்கும் பண்ணிட்டா, நம்ம புள்ளையைத் தாராளமாக் குடுக்கலாம்."

உள்ளேயிருந்து தேன்மொழி சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அது தமிழ்நாட்டுக்குக் கேட்டிருக்கும். (எல்லை அங்கிருந்து கூப்பிடு தூரம்தான்.)

கேசரியை நான்தான் சாப்பிட்டேன். ஆனால் அந்த ஆப்பரேசன் எங்கள் குடும்பத்தில் இன்னும் முடியவில்லை. நான் கொஞ்சம் கூட்டிப் பேச ஆரம்பித்தால் போதும், யாராவது ஒருவர் இரண்டு விரலைக் கத்தரிக்கோல் மாதிரி என் தொண்டைக்கு நேரே நீட்டுவார்கள். போன மாதம் மகளின் பள்ளிக்கூடத்தில் அவளுடைய டீச்சரிடம், "படிக்கிற காலத்துல நான் கணக்குல புலி மிஸ்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்றாம் வகுப்புப் படிக்கிற என் மகள் பெஞ்சின் மேல் ஏறி நின்று, என் தொண்டைக்கு நேரே இரண்டு விரலை நீட்டி, "கறுக்" என்றாள்.