பஸ்ஸைத் துரத்திய மர்ம ஆசாமி

வரப்பில் பாம்பு குறுக்கே போனால், அது போகும்வரை நின்றுவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். பம்புசெட்டில் ஒருமுறை கரண்ட் தூக்கிப் போட்டது. எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு நடந்தவன் நான். ஆனால் பெற்ற பெண் தனியாக பஸ் ஏறுகிறாள் என்றால் பயம் வந்துவிடும். மீசை வைத்த ஆளுக்கு இது அழகில்லைதான். என்ன செய்வது?

என் மகள் வாணிக்கு அப்போது பதினேழு வயது. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவள். தஞ்சாவூரில் அவளைப் போன்ற பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி மையம் இருக்கிறது. சமைப்பது, கடைக்குப் போவது என்று எல்லாம் பழக்குவார்கள். நூர்ஜஹான் டீச்சர் அங்கே நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, தானே கண்டக்டராகி விசில் ஊதி, பஸ் பயணம் சொல்லிக்கொடுத்தார். தெரியாத ஆள் தொந்தரவு கொடுத்தால் கையை நீட்டி "வேணாம்!" என்று கத்த வேண்டும். கண்டக்டரிடமோ கடைக்காரரிடமோ போய்ச் சொல்ல வேண்டும். அப்புறம் பல வாரங்கள் பூதலூரிலிருந்து நிஜ பஸ்ஸிலேயே வாணியோடு வந்தார்.

ஒருநாள் டீச்சர் சொன்னார்: "நாளைக்குத் தனியா வரட்டும் சார். நான் தஞ்சாவூர் ஸ்டாப்புக்குப் பக்கத்துல நிக்கிறேன். நீங்க யாரும் பின்னாடி வரக்கூடாது."

"ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, அப்புறம் அவ வீட்டோடதான்," என்றேன் நான். மிரட்டல் மாதிரிதான் வந்தது, ஆனால் பயத்தில் சொன்னது. வீட்டோடு இருந்துவிட்டால் மட்டும் என்ன? எங்கள் காலத்துக்கு அப்புறம் அவளை யார் கூட்டிப்போவார்கள்? அது இன்னொரு பயம். (எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் எனக்கு ஒரு பயம் தயாராக இருக்கும்.)

மறுநாள் காலை, "ஆத்துல தண்ணி வந்துடுச்சு, நான் வயலுக்குப் போறேன்," என்று வாணியிடம் சொல்லிவிட்டு நேரே மச்சான் வீட்டுக்குப் போனேன். என் வண்டிச் சத்தம் அவளுக்குத் தெரியும். அதனால் மச்சானின் பைக், மச்சானின் முழுக்கைச் சட்டை, முகத்தை மூடும் மச்சானின் ஹெல்மெட். கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. போலீஸ் தேடும் ஆள் மாதிரி இருந்தேன்.

பூதலூர் ஸ்டாப்பில் ஓரமாக நின்று, பஸ்ஸுக்குப் பின்னால் கிளம்பி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பஸ் தாண்டியதும் ரயில்வே கேட்டைப் போட்டுவிட்டார்கள். கூட்ஸ் வண்டி ஆடி அசைந்து வந்தது. அது போய் முடிவதற்குள் என் மனசுக்குள் வாணி தப்பான ஸ்டாப்பில் இறங்கி, அழுது, வாய்க்கால் கரையோரம் நடந்து, புதுத் தண்ணீரில் கால் வைத்துவிட்டாள்.

கேட் திறந்ததும் பறந்தேன். பஸ்ஸை எட்டிப் பிடித்து, ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஜன்னலோரம் வண்டியை ஒட்டி நிறுத்தி உள்ளே எட்டிப் பார்த்தேன். வாணி இருந்தாள். மடியில் பை, நிமிர்ந்த முதுகு. பூக்கூடை வைத்திருந்த ஒரு அம்மா, "யாருடா அவன், பொம்பளைப் புள்ளைங்களையே மொறைச்சுக்கிட்டு வர்றான்?" என்றார். நான் அடுத்த ஸ்டாப்பிலும் பார்த்தேன்.

தஞ்சாவூரில் அவள் சரியான ஸ்டாப்பில் இறங்கினாள். நானும் வண்டியை நிறுத்திவிட்டுப் பின்னால் நடந்தேன். ரோட்டைக் கடக்க நின்றாள். ஒரு மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அவள் நின்றபடியேதான் இருந்தாள். என் கை சும்மா இருக்கவில்லை. பாய்ந்து போய் அவள் பையைப் பிடித்து இழுத்தேன்.

"வேணாம்!" என்று கையை நீட்டி ஒரு கத்து கத்தினாள். மைய நாற்காலிகளில் பழகியதைவிட பலமான கத்து.

கண்டக்டர் பஸ்ஸிலிருந்து குதித்தார். ஆட்டோக்காரர்கள் ஓடிவந்தார்கள். பூக்கூடை அம்மா, "நான்தான் சொன்னேனே! அங்கேருந்தே வர்றான்!" என்று சாட்சி சொன்னார். மச்சானின் சட்டைக் காலர் கிழிந்தது. ஹெல்மெட்டைப் பிடுங்கினார்கள்.

"நான் இவ அப்பாங்க!"

"புடிபட்டா எல்லாவனும் இதைத்தான் சொல்றான்," என்றார் கண்டக்டர். "பாப்பா, இவரு உங்கப்பாவா?"

வாணி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எங்கப்பா வயல்ல இருக்காரு. தண்ணி கட்டுறாரு."

முதுகில் முதல் அடி விழுந்தது. உண்மையைச் சொல்கிறேன், அடி வலிக்கவில்லை. பிள்ளை பயந்துபோயிருப்பாள், இனி பஸ் பக்கமே போக மாட்டாள், எல்லாவற்றையும் நானே கெடுத்துவிட்டேன் என்பதுதான் வலித்தது. இரண்டாவது அடி விழுவதற்குள் நூர்ஜஹான் டீச்சர் மூச்சிரைக்க ஓடிவந்து, "ஐயோ, விடுங்க! சார், நீங்களா?" என்றார். வாணி அதற்குள் இரண்டு பக்கமும் பார்த்து ரோட்டைக் கடந்து, மையத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.

சாயங்காலம் அவளே பஸ் பிடித்து வீடு வந்தாள். முதுகில் தைலத்தோடு கேட்டேன், "ஏம்மா, அப்பாவைத் தெரியலையா?"

"தெரிஞ்சுச்சே. பூதலூர்லயே தெரிஞ்சுச்சு. உன் செருப்பு."

குனிந்து பார்த்தேன். மச்சானிடம் எல்லாம் வாங்கியவன் செருப்பை மட்டும் மாற்றவில்லை. பச்சை நைலான் கயிற்றால் வார் கட்டிய, சேறு காய்ந்த என் செருப்பு.

"அப்புறம் ஏம்மா அப்படிச் சொன்ன?"

"நீதானே வயலுக்குப் போறேன்னு சொன்ன?" என்றாள். என் மனைவி சுமதி சிரிப்பை அடக்க அடுப்படிக்குள் ஓடிவிட்டாள்.

அன்றிலிருந்து மையத்தில் தெரியாத ஆள் வேஷம் எனக்குத்தான். புதுப் பிள்ளைகள் வரும்போதெல்லாம் ஹெல்மெட்டோடு போய் நிற்கிறேன். "சார் அளவுக்கு யாருக்கும் திருட்டு முழி வராது," என்கிறார் டீச்சர். வாணி இப்போது அங்கேயே வேலை பார்க்கிறாள். அந்த நாற்காலி பஸ்ஸுக்கு அவள்தான் கண்டக்டர்.

போன வாரம் பயிற்சி முடிந்து இருவரும் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். அவள் முன்னால், நான் கடைசி சீட்டில். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டரிடம் அவள் என்னைக் கைகாட்டிச் சொன்னது பஸ் முழுக்கக் கேட்டது.

"அண்ணே, பின்னாடி இருக்காருல்ல, அவரு எங்கப்பா. பூதலூர் வந்ததும் பாத்து எறக்கிவிடுங்க. தனியா வந்தா பயந்துக்குவாரு."

இப்போது நான் உரக்கடைக்குக் கிளம்பினால்கூட சுமதி வாசல்வரை வந்து கேட்கிறாள்: "என்னங்க, கண்டக்டர்கிட்ட சொல்லிவிடட்டுமா?"