அறுபத்து நாலு டோனும் ஒரு நோட்டும்

அன்று காலை பல் விளக்கும்போதே முடிவு செய்துவிட்டேன். இனி நான் யாருக்கும் அடங்கிப் போவதில்லை. வாயில் நுரையோடு எடுத்த முடிவு என்பதால் உரக்கச் சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தால் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த சாராவுக்குக் கேட்டிருக்கும். அதனால் நுரை இருந்ததும் நல்லதுதான்.

என் பெயர் பாக்கியசீலன். பாளையங்கோட்டைக்காரன். பகலில் நீர்ப்பாசன ஆபீஸில் கிளார்க். மாலையில் கலைஞன். மூன்று குழுக்களுக்குக் கீபோர்டு வாசிக்கிறேன். ஒன்று அம்பாசமுத்திரம் குமரகுருபரனின் இன்னிசைக் குழு. இன்னொன்று வண்ணார்பேட்டை குற்றாலலிங்கம் அண்ணாச்சியின் கல்யாணக் கச்சேரிக் குழு. மூன்றாவது எங்கள் சபையின் பாடகர் குழு.

என்னுடையது ஜப்பான் கீபோர்டு. அதற்குள் அறுபத்து நாலு டோன் சேமித்து வைக்கலாம். நாதஸ்வரம் ஒரு நம்பரில் இருக்கும். வீணை ஒரு நம்பரில் இருக்கும். நம்பரை அமுக்கினால் வாத்தியம் வரும். கேட்க எளிதாக இருக்கிறதா? ஒரே பாட்டை மூன்று குழுவும் மூன்று சுருதியில் பாடுவார்கள். குற்றாலலிங்கம் அண்ணாச்சிக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சுருதி, பின்னால் ஒரு சுருதி. கல்யாண வீட்டில் பாயசம் இருந்தால் இன்னும் அரைச் சுருதி இறங்கும்.

ஒரு ரகசியத்தையும் சொல்லிவிடுகிறேன். குமரகுருபரன் காதுக்குப் போக வேண்டாம். எனக்குக் கறுப்புக் கட்டைகள் வாசிக்க வராது. எந்தப் பாட்டானாலும் வெள்ளைக் கட்டையிலேயே ஓட்டிவிடுவேன். ட்ரான்ஸ்போஸ் என்று ஒரு பட்டன் இருக்கிறது. அதில் சரியான நம்பரை வைத்தால், பாடுகிறவர் சுருதிக்குக் கீபோர்டே ஏறி இறங்கிக்கொள்ளும். நம்பர் தப்பினால் பாடகர் மதுரைக்கும் நான் நாகர்கோவிலுக்கும் போவோம்.

முன்பெல்லாம் இந்த நம்பர்களை பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதி வைப்பேன். சட்டைப் பையோடு துவைத்துக் காயப்போட்டு விடுவாள் சாரா. பிறகு உள்ளங்கையில் எழுதினேன். ஒரு துக்க வீட்டு ஜெபக்கூட்டத்தில் வியர்வையில் மூன்று எட்டாகி, ஆறுதல் பாட்டுக்குக் கல்யாண ஊர்வலத் தாளம் ஓட ஆரம்பித்தது. இறந்தவரின் மைத்துனர் தன்னை அறியாமல் காலைத் தட்டிவிட்டு, அப்புறம் என்னை முறைத்தார்.

அன்று சாரா சொன்னாள். "குடுங்க இங்கன அந்தத் துண்டுச் சீட்டை எல்லாம்."

சாரம்மாள் டீச்சர் என்றால் ஊருக்கே தெரியும். ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள். ஒரு நீளமான நோட்டு வாங்கி, பழுப்பு அட்டை போட்டு, லேபிள் ஒட்டினாள். 'பெயர்: பா. பாக்கியசீலன். பாடம்: கீபோர்டு.' உள்ளே பாட்டு, டோன் நம்பர், மூன்று குழுவுக்கும் மூன்று சுருதி, எல்லாம் கட்டம் கட்டி. கச்சேரித் தேதிகளும் அதில்தான். அதன் பிறகு ஒரு நம்பர் தப்பவில்லை.

அங்கேதான் வந்தது வினை. நோட்டு பீரோவுக்குள். பீரோச் சாவி அவள் இடுப்பில். அவளைக் கேட்காமல் நான் யாருக்கும் தேதி கொடுக்க முடியாது. நான் கலைஞனா, கடைசி பெஞ்சு மாணவனா? ரோஷம் என்று ஒன்று வேண்டாமா?

அந்தத் தொண்ணூற்றாறு மே மாதத்தில் என் ரோஷத்தைக் கிளப்பியது இதுதான்.

"ஏங்க, பன்னெண்டாந் தேதி ஞாயித்துக்கிழமை எங்க பெண்கள் சங்கத்து ஆண்டு விழா. நீங்கதான் வாசிக்கீய."

"வாசிக்க மாட்டேன்."

"மொத்தம் பன்னெண்டு பாட்டு."

"சாரா, நான் என்ன சொன்னேன்?"

"பச்சைச் சட்டையைத் தேச்சு வைக்குதேன்."

"ஏளா, முடியாதுன்னா முடியாது! போன வருசம் பட்டது போதாதா? முப்பது பொம்பளைங்க, முப்பது சுருதி. என் பட்டன்ல பன்னெண்டுதான் இருக்கு!"

"ஜெபகனி அக்காவுக்குக் கொஞ்சம் காது மந்தம். அதுக்கு என்ன செய்ய?"

"நான் ஆரம்பிக்கும் முன்னாடி அவிய முதல் சரணத்தை முடிச்சிட்டாவளே!"

"அது உற்சாகம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து குமரகுருபரனே என் ஆபீஸுக்கு வந்தார். ஆறடி உயரம், ஜவ்வாது வாசனை, குழுவுக்குத் தலைவர். பன்னிரண்டாம் தேதி அவர் ஊர் அம்பையில் வியாபாரிகள் சங்க விழாவாம். நேரே என்னிடமே கேட்டார். டீச்சரிடம் கேட்டுச் சொல்லும் என்று சொல்லவில்லை. என்னிடம். என் நெஞ்சு நாலு அங்குலம் விரிந்தது. "வாரேன்" என்றேன். இருபது வருஷக் குடும்ப வாழ்க்கையில் நான் தனியாகச் சொன்ன முதல் 'வாரேன்' அது.

ஆனால் நோட்டு வேண்டுமே. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாரா பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தாள். பார்க்கிறேன், பழுப்பு அட்டை நோட்டு மேசை மேல் கிடக்கிறது! பீரோவுக்குள் வைக்க மறந்துவிட்டாள். எனக்குச் செங்கடல் பிளந்த மாதிரி இருந்தது. எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன். கடைசிப் பக்கம் வருவதற்குள் கரண்ட் போய்விட்டது. ஒரு பக்கம்தானே, போகட்டும். நோட்டைப் பழையபடி மேசை மேல் வைத்து, அவள் விட்டுப்போன அதே கோணத்தில் திருப்பியும் வைத்தேன்.

நம்பர்களை வீட்டில் அமுக்கிப் பார்க்க வழியில்லை. சத்தம் கேட்டால் வந்துவிடுவாள். இயர்போனும் பீரோவுக்குள்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் கிளம்பினேன்.

"பாபநாசம் அணைக்குப் போவணும். பெரிய ஆபீசர் வாராரு."

"ஞாயித்துக்கிழமையா?"

"தண்ணிக்கு ஞாயிறு உண்டா?"

"அதுவும் சரிதான். கீபோர்டு எதுக்கு?"

"ஒரு கட்டை ஒட்டுது. போற வழியில அம்பையில ஒருத்தர் நல்லாப் பாப்பாராம்."

"எந்தக் கட்டை?"

"கறுப்புக் கட்டை."

"அதை நீங்க தொடவே மாட்டீயளே. அது ஏன் ஒட்டுது?"

"தொடாததுனாலதான் ஒட்டுது."

சாரா சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. ஆண்டு விழாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "கடமைன்னு வந்தா போவத்தானே வேணும்" என்று சொல்லி, தயிர்சாதம் கட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு பொட்டலம்.

"ரெண்டு எதுக்கு?"

"வெயில் காலம். பசிக்கும்."

எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. வெற்றி மயக்கம். குமரகுருபரன் குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் இசக்கி பஸ் நிலையத்தில் காத்திருந்தான். இரண்டாவது பொட்டலத்தை அவன்தான் சாப்பிட்டான். "அக்கா கையே தனி" என்று வேறு சொன்னான்.

வழியில் பஸ் டயர் பஞ்சர். அம்பை போய்ச் சேரும்போது மேடையில் விளக்குப் போட்டாகிவிட்டது. ஒத்திகை பார்க்க நேரமில்லை. எனக்கு எதற்கு ஒத்திகை? கையில் ஜெராக்ஸ் இருக்கிறது. விரித்து வைத்தேன். முதல் பாட்டு, வரவேற்புப் பாட்டு. நாதஸ்வரம், டோன் பன்னிரண்டு. அமுக்கினேன். இரு கைகளையும் உயர்த்திக் கம்பீரமாகக் கட்டையில் இறக்கினேன்.

டெலிபோன் மணி அடித்தது.

முன்வரிசையில் இருந்த வியாபாரிகள் சங்கத் தலைவர் எழுந்து, "யாருலே போனை எடுக்காம இருக்கது?" என்று சத்தம் போட்டார். நான் சிரித்துச் சமாளித்து அடுத்த பாட்டுக்குப் போனேன். வீணை, முப்பத்தொன்று. ஹெலிகாப்டர் வந்தது. பிள்ளைகள் எல்லாம் நாற்காலியில் ஏறி ஆகாயத்தைப் பார்த்தார்கள். மூன்றாவது, காதல் பாட்டு. பாடகி சித்ரலேகா கண்ணை மூடி, உருகி, 'அன்பே' என்றாள். வயலினுக்குப் பதிலாக நான் அவளைத் துப்பாக்கியால் சுட்டேன். சுருதியும் எங்கேயோ போய்விட்டது. அவள் மதுரைக்கும் நான் நாகர்கோவிலுக்கும் போனோம். இசக்கி எங்கே போவது என்று தெரியாமல் கோவில்பட்டியில் நின்றான்.

குமரகுருபரன் மைக்கைப் பிடுங்கி, பத்து நிமிஷம் இடைவேளை என்று அறிவித்தார். என் பக்கம் குனிந்தார்.

"என்ன வே செய்யுதீரு? கச்சேரியா, போர்க்களமா?"

"மிசின்ல சின்னக் கோளாறு அண்ணாச்சி."

"பத்து நிமிசம் தாரேன். சரியாவலைன்னா பெட்டியைக் கட்டும். இனிமே நம்ம குழுவுல உமக்கு எடமில்ல."

நான் மூன்று குழுவில் வாசிப்பதாகச் சொன்னேன் அல்லவா? ஒரு குழுவில் துரத்தினால் மற்ற இரண்டுக்கும் அடுத்த பஸ்ஸில் செய்தி போய்விடும். கலைஞன் கதை முடிந்தது, கிளார்க் மட்டும் மிஞ்சுவான். மேடைக்குப் பின்னால் இருந்த எஸ்டிடி பூத்துக்கு ஓடினேன். எங்கள் வீட்டில் போன் கிடையாது. பக்கத்து வீட்டு அலிமா பீவி வீட்டுக்குப் போட்டேன்.

"சாரா டீச்சரா? இங்கனதான் இருக்காவ. ஏழரைக்கு நீங்க போன் போடுவீயன்னு ஏழு மணிக்கே வந்துட்டாவ."

சாரா வாங்கினாள். "என்னங்க, அணையில தண்ணி எம்புட்டு இருக்கு?"

"சாரா, நம்பர் எல்லாம் தப்பா வருது!"

"எந்த நோட்டைப் பாத்தீய?"

"மேசை மேல கிடந்த..." என்றேன். அப்புறம் வாயை மூடினேன். மூடி என்ன பிரயோஜனம்?

"அதுவா? அது நான் லீவுல எழுதினது. பள்ளிக்கூடம் இல்லையா, சும்மா இருக்கக் கை வரல."

"அப்ப நெசமான நோட்டு?"

"என் மடியில இருக்கு."

"நம்பரைச் சொல்லு தாயி. பைய சொல்லு, எழுதிக்கிடுதேன்."

"சொல்லுதேன். சங்கத்து ஆண்டு விழாவுல வாசிப்பீயளா?"

"அது இன்னைக்குத்தானே? முடிஞ்சிருக்குமே!"

"அடுத்த ஞாயித்துக்கிழமை. பத்தொன்பதாந் தேதி."

"பன்னெண்டுன்னு சொன்ன!"

"சொன்னேன். வாசிப்பீயளா?"

"இது அநியாயம் சாரா. ஒரு கலைஞனை இப்படி..."

"அலிமாக்கா, போனை வச்சிரட்டா?"

"வாசிக்கேன்! வாசிக்கேன்!"

"பன்னெண்டு பாட்டும்?"

"பன்னெண்டும்."

"ஜெபகனி அக்கா முந்திப் பாடினா?"

"நானும் முந்தி வாசிக்கேன்."

"இனிமே தேதி யாரு குடுக்கது?"

பூத்துக்கு வெளியே குமரகுருபரன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நீதான்" என்றேன். குரல் வெள்ளைக் கட்டைக்கும் கீழே போய்விட்டது.

"எழுதிக்கிடுங்க. நாலாம் பாட்டு, டோன் நாப்பத்தெட்டு, ட்ரான்ஸ்போஸ் ப்ளஸ் ரெண்டு. அஞ்சாம் பாட்டு..." மடமடவென்று சொல்லிக்கொண்டே போனாள். பாட்டு வரிசை அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

இரண்டாம் பாதி அமர்க்களம். சித்ரலேகா உயிரோடு பாடினாள். சங்கத் தலைவர் மேடையேறி எனக்குத் துண்டு போர்த்தினார். முதல் மூன்று பாட்டும் புதுமையாக இருந்தன என்றும் பாராட்டினார்.

மறுநாள் காலை சாரா அலிமா பீவி வீட்டுக்குப் போயிருந்த நேரம், அந்தப் பொய் நோட்டு இன்னும் மேசை மேல்தான் கிடந்தது. கோபத்தில் கிழித்துப்போடத்தான் கையில் எடுத்தேன். நான் ஜெராக்ஸ் எடுக்காத அந்தக் கடைசிப் பக்கம் திறந்துகொண்டது. சாராவின் முத்து முத்தான கையெழுத்து.

'ஏப்ரல் 28. குமரகுருபரனுக்கு மே 12 தேதி கொடுத்தாயிற்று. பாட்டு வரிசை வாங்கியாயிற்று. ஆபீஸுக்குப் போய் இவரிடம் நேரே கேட்கச் சொல்லியாயிற்று. நான் போகச் சொன்னால் போக மாட்டார்.

மே 1. ஆண்டு விழா மே 12 என்று இவரிடம் சொல்ல வேண்டும்.

மே 10. நோட்டை மேசை மேல் வைக்க வேண்டும்.

மே 12. வீம்பு பண்ணிக்கொண்டு அம்பைக்குப் போவார். தயிர்சாதம் இரண்டு, ஒன்று இசக்கிக்கு. ஏழரைக்குப் போன் வரும்.'

ஒவ்வொரு வரிக்கும் எதிரே சிவப்பு மையில் டிக் போட்டிருந்தாள். கடைசி வரிக்கு மட்டும் டிக் இல்லை.

'மே 19. சங்க ஆண்டு விழா. பச்சைச் சட்டை. சிரித்த முகத்தோடு வாசிப்பார்.'

எனக்கு ரத்தம் கொதித்தது. என் கலகத்துக்கே கால அட்டவணையா? பார்த்துவிடுகிறேன். வாசிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன், வாசிப்பேன். சிரிக்கிறேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. அந்தக் கடைசி டிக் மட்டும் இந்த ஜென்மத்தில் விழாது.

பத்தொன்பதாம் தேதி பச்சைச் சட்டையைப் போட்டேன். அது மட்டும்தான் துவைத்திருந்தது. பன்னிரண்டு பாட்டையும் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தேன். ஜெபகனி அக்கா மூன்று தடவை முந்தினார், நானும் விடாமல் முந்தினேன். ஒரு பாட்டை இருவரும் சங்கத்துக்கு முன்பே முடித்துவிட்டோம். ஆனால் சிரிக்கவில்லை. சத்தியமாகச் சிரிக்கவில்லை.

நாலு நாள் கழித்து போட்டோ வந்தது. முப்பது பெண்களுக்கு நடுவில் பச்சைச் சட்டையில் நான். கடித்த பல் முப்பத்திரண்டும் பளிச்சென்று தெரிகிறது.

சாரா அதை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு என்னிடம் சிவப்புப் பேனாவை எடுத்துத் தரச் சொன்னாள்.

எடுத்துக் கொடுத்தேன்.