லிஃப்ட் மெக்கானிக்கின் நாடித்துடிப்பு

"எல்லாத்துக்கும் பூஜ்யமா?" என்று ஆய்வுக்கார அம்மா கேட்டபோது, லிஃப்ட் மெக்கானிக் பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கியவரைப் போல உட்கார்ந்திருந்தார்.

தாளில் ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் மனம் சோர்ந்ததா, பயம் வந்ததா, பசி குறைந்ததா என்று வரிசையாக. இல்லை என்றால் பூஜ்யம், தினமும் என்றால் மூன்று.

"உங்களுக்குச் சர்க்கரை இருக்கு. ஆறு மாசம் முன்னாடி மாரடைப்பும் வந்திருக்கு. அப்படிப்பட்டவங்க மனசு எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்கறதுதான் எங்க ஆராய்ச்சியே. ஒரு கவலைகூடவா இல்ல?"

"இல்லீங்க மேடம்."

பச்சைப் பொய். மாரடைப்பு வந்தது லிஃப்ட்டுக்குள்ளேதான். பாதியில் மாட்டிக்கொண்டவர்களுக்கு முப்பது வருடமாக "பயப்படாதீங்க, நான் வந்துட்டேன்" என்று குரல் கொடுத்தவர், இப்போது கதவு மூடினாலே வியர்த்துக் கொட்டி நிற்கிறார். நெஞ்சை அடைப்பது நோயா, பயமா என்று அவருக்கே தெரியவில்லை. வெளியே சொன்னால் மனைவி காதுக்குப் போகும். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நாள் முதல் அந்த வீட்டில் சிரிப்பது அவள் ஒருத்திதான். அதைக் கெடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

"யோசிச்சுப் போடுங்க" என்று தாள் திரும்பி வந்தது.

யோசித்தார். வம்பில்லாத கேள்வியாகப் பார்த்து, பசிக்கு மட்டும் மூன்று போட்டார். மூன்று போட்டால் வீட்டுக்கு ஃபோன் போகும் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

"பசி இல்லையா? அவருக்கா?" என்றாள் மனைவி ஃபோனில். "நேத்து என் தட்டுல இருந்ததையும் சேத்து சாப்பிட்டாருங்க."

மறுநாளே ஆய்வுக்கார அம்மா அவரைக் கூப்பிட்டு, மணிக்கட்டில் ஒரு வாட்ச்சைக் கட்டிவிட்டார். பதினாலு நாள் கழற்றக் கூடாது. துடிப்பு, தூக்கம், நடை எல்லாவற்றையும் அதுவே குறித்துக்கொள்ளும்.

"இது பொய் சொல்லாதுங்க" என்றார், அவர் முகத்தைப் பார்த்தபடி.

அன்று மதியம் மெக்கானிக் வேலைக்காக ஒரு லிஃப்ட்டில் ஏறினார். கதவு மூடியதும் வாட்ச் நூற்று நாற்பது காட்டியது. அதைப் பார்த்த பயத்தில் நூற்றைம்பத்தைந்து ஆயிற்று. அடுத்த மாடியிலேயே இறங்கி, படி வழியாக வீடு வந்து சேர்ந்தார்.

பொய் சொல்லாத வாட்ச்சுக்குக் கவலையில்லாத கை ஒன்று வேண்டும். தலையணையில் தலை வைத்ததும் தூங்கிப்போகிற கை. அது வீட்டிலேயே இருந்தது.

"உனக்குத்தான். பதினாலு நாள் கழட்டாதே."

"எனக்கெதுக்கு?"

"வீட்ல இருக்கறவங்க துடிப்பையும் பாக்கறாங்களாம். அப்புறம் திருப்பிக் குடுத்திடணும்."

"கல்யாணமாகி இருபத்தொம்பது வருஷத்துல முதல் பரிசு. அதுவும் இரவல்" என்று சிரித்துக்கொண்டே கட்டிக்கொண்டாள்.

அந்தப் பதினாலு நாளும் அவருக்கு நிம்மதி. அவசரமென்றால் வண்டியில் ஏற்ற வசதியாக அவர் கட்டிலை மனைவி ஏற்கெனவே வாசல் அறைக்கு மாற்றியிருந்தாள். அவள் உள்ளறையில் படுப்பாள். டாக்டர் கொடுத்த மாத்திரையைப் போட்டால் அவருக்கு அடித்துப் போட்டாற்போலத் தூக்கம். இடி விழுந்தாலும் தெரியாது.

பதினைந்தாம் நாள், வாட்ச்சைக் கணினியோடு இணைத்துப் பார்த்த ஊழியர் நிமிர்ந்தார்.

"இருநூறு பேர்ல இவ்வளவு மோசமா யாருக்குமே இல்ல மேடம்."

"மிஷின் கோளாறா இருக்கும்" என்றார் லிஃப்ட் மெக்கானிக். "முப்பது வருஷமா மிஷினோட மல்லுக்கட்டறவன் சொல்றேன்."

"ஐயா, இனிமேலாவது உண்மையச் சொல்லுங்க" என்றார் ஆய்வுக்கார அம்மா. அவர் குரலில் கோபமில்லை, கவலைதான் இருந்தது.

மெக்கானிக் தலை குனிந்தார். "பயம் எனக்குத்தாங்க. லிஃப்ட்டுல ஏற முடியல. வீட்டுக்காரிக்குத் தெரியக் கூடாதுன்னு வாட்ச்சை அவ கையில கட்டிட்டேன். அவளுக்கு ஒரு கவலையும் கிடையாது, நல்லாத் தூங்குவா. அதனாலதான் மிஷின் கோளாறுங்கறேன்."

ஊழியர் கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினார்.

"கோளாறுன்னா தாறுமாறா வரும். இது தினமும் ஒரே மாதிரி வந்திருக்கு. ராத்திரி மணிக்கொரு தரம் எழுந்திருக்காங்க. பன்னண்டு அடி நடந்து, ரெண்டு நிமிஷம் ஆடாம அசையாம நின்னுட்டு, திரும்பி வந்து படுத்திருக்காங்க. உங்க வீட்ல அந்தப் பன்னண்டாவது அடியில என்னங்க இருக்கு?"