மாமாவின் காதுக்கு அம்பிளிபயர்

ஸ்பீக்கர் கட்டுகிறவனிடம் எதைக் கேட்டாலும் அம்பிளிபயர் வேண்டும் என்றுதான் சொல்லுவான். நானும் சொன்னேன்.

அப்போது உருத்திரபுரத்தில் கோயில்களுக்கும் கலியாண வீடுகளுக்கும் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தேன். படிப்பு எட்டாம் வகுப்பு. வாய் மட்டும் இன்ஜினியருடையது. சுகந்தியைப் பெண் கேட்டிருந்தேன். அவளின் தகப்பன் எனக்குத் தூரத்து மாமா. ஒரு போகம் விதைத்து அறுத்தும் முடிந்தது. மாமா ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

போர்த் தடையால் வன்னிக்கு றேடியோப் பற்றரி வராத காலம். சைக்கிளைக் கவிழ்த்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில்தான் றேடியோ கேட்போம். மாமா வவுனியாவிலிருந்து காதுக்குள் செருகும் இயர்போன் ஒன்று எடுப்பித்தார். (சின்னச் சத்தத்துக்குக் கொஞ்சம் சுற்றினால் போதும் என்பது அவர் கணக்கு.)

"தம்பி, உது குசுகுசுக்குது. இதுக்குத் தனியா அம்பிளிபயர் வேணுமோ?"

மாமா என்னிடம் கேட்ட முதல் கேள்வி. தெரியாது என்று எப்படிச் சொல்வது?

"கட்டாயம் வேணும் மாமா. அம்பிளிபயர் இல்லாத இயர்போன் சில்லில்லாத சைக்கிள்."

பொங்கலுக்கு முதல்நாள் மாமாவும் மாமியும் கோயிலுக்கு வந்தார்கள். உழவு இயந்திரப் பற்றரியில் அம்பிளிபயர் சூடாகிக்கொண்டிருந்தது. இயர்போன் வயரின் நுனியை வெட்டி, முன்னாலிருந்த ஓட்டைக்குள் முறுக்கிக் கொழுவினேன். மற்றப் பக்கத்தை மாமாவின் காதில் வைத்தேன். றேடியோ வாய்க்காலடியில் விட்ட சைக்கிளில் கிடந்தது. எடுக்கப் போனேன்.

அது மைக் ஓட்டை. அதில் கொழுவினால் இயர்போனும் மைக்காகிவிடும் என்று எனக்குத் தெரியாது. ஸ்பீக்கர் குழாயைக் கழற்றவும் இல்லை. அது கோயிலுக்கு எட்டத்தில், வயலைப் பார்த்தபடி வாய்க்காலடி மரத்தில், என் தலைக்கு நேரே இருந்தது.

ஒன்றும் கேட்காததால் மாமா அதைக் கழற்றி முகத்துக்கு முன்னால் பிடித்துப் பார்த்திருக்கிறார்.

"செத்த சாமான். மொக்கன் பழுதாக்கிப்போட்டான்" என்றது குழாய்.

வயலில் களை பிடுங்கிய பெண்கள் நிமிர்ந்தார்கள்.

"மெதுவாக் கதையுங்கோ. அவனுக்குக் கேக்கப்போகுது." இது மாமி.

"அவன் வாய்க்காலடியில நிக்கிறான். எப்பிடிக் கேக்கிறது?"

கைகாட்டினேன். கத்தினேன். எடுபடவில்லை. (எனக்கு அம்பிளிபயர் இல்லை.)

"பொறு தம்பி, முழுக்கச் சொல்லட்டும்!" என்றாள் வயலில் நின்ற ஒருத்தி.

"பிள்ளைக்கு அவனைத்தான் பிடிச்சிருக்காம்" என்றார் மாமி.

"தெரியுமப்பா. மொக்கனெண்டாலும் குடிவெறி இல்லை. அடுத்த அறுப்பு முடியக் குடுப்பம். இப்ப சொல்லிப்போடாதை, தலைக்கு மேல ஏறியிருப்பான்."

வயல் முழுக்கச் சிரிப்பு. நான் றேடியோவோடு வாய்க்காலுக்குள் இறங்கி நின்றேன். வேறு எங்கே போவது?

மாமா ஒரு கிழமை வெளியே வரவில்லை. ஊரே கேட்ட சொல்லை மாற்றவும் முடியவில்லை. பிறகு ஆசுபத்திரியில் காதைக் கழுவினார்கள். உள்ளே முழுக்கக் குறும்பி. இயர்போனுக்கு அம்பிளிபயர் தேவையே இல்லை.

அறுப்பு முடிந்து, கலியாணத்துக்குச் சொல்ல வீடு வீடாகப் போனோம். எல்லா வீட்டிலும் ஒரே பதில். இன்றும் எங்கள் வீட்டில் யாராவது ஒரு புதினம் சொல்ல ஓடிவந்தால், சுகந்தி தலையை நிமிர்த்தாமலே அதைச் சொல்லுவாள்:

"தெரியும், குழாயில கேட்டது."