பூத் அக்காவுக்கு ஒரு சந்தேகம்

பூத் அக்கா நூறு வருஷம் முன்னால் பிறந்திருந்தால், வெள்ளைக்காரனை விரட்ட ஒருத்தரும் ஜெயிலுக்குப் போயிருக்க வேண்டாம். எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு அவனை உட்காரவைத்து, "உம்ம பாஷையில எனக்கு ஒரு சந்தேகம்" என்று அக்கா ஆரம்பித்திருந்தால் போதும். தூத்துக்குடிக்கு நடந்தே போய்க் கப்பலேறியிருப்பான்.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் அக்கா எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். செல்போன் பணக்காரர்கள் சட்டைப்பையில் மட்டும் இருந்த காலம். அக்காவின் சொந்தப் பெயர் டெலிபோன் இலாகாவுக்குத் தெரிந்திருக்கலாம், எங்களுக்குத் தெரியாது. ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் ஒரு போன். வெளியே மேஜை மேல் இன்னொரு போன், அதற்குப் பின்னால் அக்கா. கூண்டுக்குள் நுழைய வேண்டுமானால் முதலில் அக்காவின் சந்தேகத்தைத் தாண்டியாக வேண்டும்.

சந்தேகம் முழுக்க இங்கிலீஷ் பெயர்ச்சொற்கள் பற்றித்தான். வினைச்சொல் பக்கம் அக்கா தலைவைத்தும் படுக்கமாட்டார். "ஓடுதது, நடக்கதுலாம் அவனவன் இஷ்டம். பேருதான்ட்டி முக்கியம்" என்பார்.

புதியம்புத்தூரிலிருந்து ஒரு ரெடிமேட் வியாபாரி, பம்பாய்க்குப் பேச அவசரமாக வந்தார்.

"அண்ணாச்சி, ஒரே ஒரு பேன்ட்டைப் போயி இங்கிலீஷ்ல ஏன் 'பேன்ட்ஸ்'னு பலதாச் சொல்லுதான்?"

"ரெண்டு கால் இருக்குல்லா தாயி."

"அப்போ சட்டைக்கும் ரெண்டு கை இருக்கே? அது மட்டும் ஏன் ஒண்ணு?"

அண்ணாச்சி தன் சட்டையை ஒருமுறை பார்த்தார், பேன்ட்டை ஒருமுறை பார்த்தார். வாழ்நாள் முழுக்க இரண்டையும் தைத்து விற்றவர். நேரே கூண்டுக்குள் போய்ப் பம்பாய்க்குப் போட்டார். உள்ளேயிருந்து வந்த முதல் வார்த்தை: "சேட்டு, துணி கெடக்கட்டும். மொதல்ல இதைச் சொல்லும்."

புதூர்ப் பக்கத்திலிருந்து ஆட்டுக்காரர் ஒருவர் வருவார். மகன் சூரத்தில் வேலை பார்த்தான். அவரிடம் அக்கா, ஒரு செம்மறிக்கும் ஷீப்தான், நூறு செம்மறிக்கும் ஷீப்தான் என்ற அநியாயத்தை எடுத்துச் சொன்னார். அவர் கம்பைச் சுவரில் சாய்த்துவைத்தார்.

"அப்போ கெடையில ஒண்ணு காணாமப் போச்சுன்னா, அவனுக்கு எப்படித்தா தெரியும்?"

அக்காவுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "பாத்தீயளா! காலேஜுக்குப் போன ஒருத்தருக்காவது இது தோணிச்சா?" என்று வரிசையில் நின்றவர்களை எல்லாம் ஒரு பிடி பிடித்தார். எங்கள் பள்ளிக்கூட இங்கிலீஷ் சார் அந்தச் சந்து வழியாக வருவதை நிறுத்தி நெடுநாள் ஆகியிருந்தது.

நான் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள். அம்மா தீப்பெட்டி ஆபீஸில் தீக்குச்சிக் கட்டை அடுக்கினாள், அப்பா மானாவாரிக் காட்டில் பருத்தி போட்டார். நான் பட்டம் வாங்கினேன். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் என் தலை கொஞ்சம் நிமிரும், நிமிரட்டும். ஆனால் கல்லூரியில் ஒருநாள்கூட எழுந்து நின்று சந்தேகம் கேட்டதில்லை. தப்பாகக் கேட்டுவிட்டால் சிரிப்பார்களே! ப்ளஸ் டூ இங்கிலீஷில் தோற்ற அக்காவுக்கு அந்தக் கவலையே கிடையாது. "தோத்தவளுக்கு என்னட்டி பயம்? பயம்லாம் பாஸானவியளுக்குத்தான்" என்பார்.

பட்டம் வாங்கிய கையோடு சென்னையில் ஒரு கால் சென்டர் வேலைக்கு எழுதிப்போட்டேன். முதல் இன்டர்வியூ போனில்தான் என்றார்கள். வீட்டில் போன் ஏது? ஊரில் பாதிப் பேரைப் போல நானும் அக்கா பூத் நம்பரைத்தான் கொடுத்திருந்தேன். இந்த வேலை கிடைக்காவிட்டால் தை பிறந்ததும் கயத்தாற்றில் ஒரு மாப்பிள்ளை என்று பெரியப்பா முடிவுசெய்து வைத்திருந்தார். 'என்னைப் பற்றி' என்று இங்கிலீஷில் எழுதி, காட்டுக் கருவேல மரங்களைப் பார்த்து ஒப்பித்து ஒப்பித்து, மரங்களுக்கே மனப்பாடம் ஆகியிருக்கும்.

சொன்ன நேரத்துக்கு நானும் அம்மாவும் மேஜை முன்னால் நின்றோம். போன் அடித்தது. வழக்கப்படி எடுத்தது அக்கா. மறுமுனையில் சுத்தமான இங்கிலீஷ். அக்காவின் முகம் கார்த்திகைத் தீபம் மாதிரி ஆனது.

"சார், வணக்கம். பிள்ளை இங்கனதான் நிக்கா. குடுக்கதுக்கு முன்னால எனக்கு ஒரே ஒரு சந்தேகம். இந்த ஃபேமிலின்னு சொல்லுதாவல்லா, அதுக்கு 'இஸ்'ஸா, 'ஆர்'ரா?"

அம்மா பதறிப்போனாள். "ஏட்டி, போனைக் குடுட்டி! எம்புள்ள பொழப்பே அதுக்குள்ள இருக்கு!"

அக்கா ஒரு கையால் அம்மாவைத் தடுத்தார். "இருங்க மதினி, சார் தமிழ்ல சொல்லுதாவ... ஆங்... எல்லாரும் ஒண்ணா இருந்தா இஸ்ஸு. ஆளாளுக்கு ஒரு பக்கம் நின்னா ஆரு. அப்படியா சார்? அப்போ எங்க வீடு காலையில இஸ்ஸு, சாயங்காலம் ஆரு!"

ரிசீவரிலிருந்து வெடித்த சிரிப்பு வரிசையின் கடைசி ஆள்வரை கேட்டது. நான் அழத் தொடங்கியிருந்தேன். அக்கா பேன்ட்டுக்குப் போனார், அங்கிருந்து செம்மறிக்கு. அம்மா எட்டி அக்காவின் கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் ரிசீவர் என் காதுக்கு வந்தது.

"ஹூ இஸ் தட் லேடி?" என்று கேட்டார் அவர்.

ஒப்பித்துவைத்ததில் இந்தக் கேள்வி இல்லை. மரங்களும் கைவிட்டன. வேறு வழியில்லாமல் உண்மையைச் சொல்ல ஆரம்பித்தேன். அக்காவைப் பற்றி, அண்ணாச்சியின் சட்டையைப் பற்றி, ஆட்டுக்காரரின் கேள்வியைப் பற்றி. வருகிற இங்கிலீஷில் சொன்னேன். வராத இடத்தில் தாண்டிக் குதித்தேன். அவர் சிரித்தார், "அப்புறம்?" என்றார், நான் மேலே போனேன். எவ்வளவு நேரம் பேசினேனோ, நடுவில் பயப்பட மறந்திருந்தேன். கடைசியில் அவர் என்னை அடுத்த வாரம் சென்னைக்கு வரச்சொன்னார்.

ரிசீவரை வைத்தேன். வேலை என்னாயிற்று என்று வரிசையே கேட்டது. அக்கா மட்டும், "ஏன்ட்டி வச்ச? ஒரு கத்தரிக்கோலையும் ஏன் பலதாச் சொல்லுதான்னு கேக்காம விட்டுட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

வேலை கிடைத்துச் சென்னை போன பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் பூத்துக்குப் போன் போடுவேன். அம்மா முன்கூட்டியே வந்து காத்திருப்பாள். எடுப்பதென்னவோ அக்காதான். ஆபீஸில் நான் விசாரித்துவைத்த பதில்களை எல்லாம் சொல்வேன், ஒவ்வொன்றுக்கும் ஒரு புது "ஏன்?" வரும். பின்னாலிருந்து அம்மா, "பெத்தவ நான் இங்கன நிக்கேன், எங்கிட்டக் குடுட்டி" என்று கத்துவது கேட்கும்.

"அம்மாட்ட சொல்லுங்கக்கா," என்பேன், "நீங்க கேட்டு முடிச்சாத்தான் எனக்கு ஊருக்குப் பேசின மாதிரி இருக்கும்னு."